இடப்பக்கத்துச் சீட்

ஐம்பத்தொரு வயது மனிதரை எல் போர்ட் கட்டிய சின்னக் காரில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள் என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? ஜொனியைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர் சொல்ல மாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு கெலிஓயாச் சந்தியைப் பார்ப்பார், அவ்வளவுதான். இருபத்திநாலு வருஷம் நீலகிரி மலைப்பாதையில் தேயிலை லொறி ஓட்டிய மனிதர் அவர். எந்த வளைவில் யானை நிற்கும், எந்த வளைவில் போலீஸ் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி மறு கையால் தேநீர் குடித்தபடி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து, "அங்கிள், கண்ணாடியப் பாருங்க. தலையத் திருப்பிப் பாருங்க. நீங்க பாக்கிறது அவங்களுக்குத் தெரியணும்" என்று இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒன்று சொல்கிறது. அவரும் தலையைத் திருப்புகிறார். என்ன செய்வது, தலைவிதி.

அந்தப் பிள்ளையின் பெயர் ஸுமைரா. கெலிஓயாவில் அவளுடைய வாப்பா நடத்தும் லேனர்ஸில் அவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கறுப்பு அபாயா, காலில் வெள்ளைச் சப்பாத்து, கையில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர். பொறுமைசாலி. ஜொனியிடம் படுகிற பாட்டுக்கு அந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

ஜொனி கண்டிப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவருடைய அப்பா அம்மா இங்கே தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள். அவர் பிறந்தது கோத்தகிரியில். அங்கே ஐம்பது வருஷமும் அவருக்குப் பெயர் 'சிலோன்காரன்'. இங்கே வந்து இறங்கிய மறுநாளே 'இந்தியாக்காரர்' ஆகிவிட்டார். தெல்தோட்டைக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்காத ஆள் இல்லை. ஒருநாள் போய்ப் பார்த்தார். "அங்கயும் தேயிலதான் இருக்கு" என்று வந்து சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் வந்தது ஊரைத் தேடி அல்ல. கலியாணம் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே தன்னுடைய வயது போனதைக் கவனிக்காமல் இருந்தவருக்கு, அத்தை மகள் கத்தரீனா ஒருநாள் சம்பந்தம் கொண்டுவந்தாள். கத்தரீனா பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள்.

"பொண்ணு கண்டியில டீச்சரு. நம்ம மாதா கோயிலு ஆளுங்கதான். புருஷன் செத்து மூணு வருஷம் ஆச்சி, புள்ள குட்டி இல்ல. ஒரு வேன் வச்சிருக்கு, ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துறது. ஓட்டத்தான் ஆளு இல்ல. நீயும் இங்க ஒண்டியாதான கெடக்குற?"

ஓட்டத்தான் ஆள் இல்லை. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஜொனி இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக நெஞ்சில் வைத்துக்கொண்டார். கெலிஓயாக் கோயிலில் கலியாணம் முடிந்து, றொசானாவின் வீட்டு வாசலில் நின்ற வெள்ளை டொல்பின் வேனைச் சுற்றி வந்து, நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் தன் புது மனைவியிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "இனி நீ கவலப்படாத. இந்த வேன் என் பொறுப்பு."

றொசானா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நாற்பத்தாறு வயது, கண்ணாடி போட்ட முகம், பேச்சுக் குறைவு. கண்டி நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள். முதல் கணவரோடு கடுகண்ணாவையில் இருந்தவள். அவர் போன பிறகு வேனோடும் இரண்டு அலுமாரியோடும் கெலிஓயாவில் இருந்த அப்பாவின் பழைய வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த நாளில் இருந்து வேனை ஓட்டுவது பஹ்மி என்ற சம்பளக்காரன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர். எல்லாரும் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கே போகிறவர்கள், அவளும் அதே வேனில் போய் அதே வேனில் வருவாள்.

பொறுப்பு எடுத்தாயிற்று. இனி லைசன்ஸ்தானே என்று நினைத்தார் ஜொனி. சட்டைப் பையில் இந்திய லைசன்ஸ் இருந்தது. அதை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் வதிவிட விசா வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று இருந்துவிட்டார். விசாவுக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கடிதம், பொலிஸ் அறிக்கை, கோயில் சான்றிதழ் என்று கொழும்புக்கும் கண்டிக்கும் ரயிலில் அலைந்ததில் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு லைசன்ஸ் கந்தோருக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் காலையில் இருந்து களைப்பு போல.

"இது முடிஞ்சி போச்சே ஐயா. போன மாசமே."

"கார்டுதானம்மா முடிஞ்சிச்சி. இருபத்திநாலு வருஷம் ஓட்டுனது முடியலயே."

அவள் சிரித்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் சட்டம் சிரிக்காது. முடிந்த கார்டை மாற்ற முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தவறு தன்னுடையது என்று ஜொனிக்குத் தெரியும். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்து நினைத்து அவர் தன்னைத் தானே திட்டிய திட்டைக் கோத்தகிரி லொறிக்காரர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மெடிக்கல் எடுத்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்து வாசித்தார். எழுத்துப் பரீட்சைக்குப் பதினெட்டு வயதுப் பையன்கள் நடுவில் உட்கார்ந்து, வீதி அடையாளங்களை மனப்பாடம் செய்து, முட்டி மோதிப் பாஸானார். மூன்று மாதம் கழித்து ட்ரயல் என்று திகதி வந்தது. ட்ரயலில் பெரிய உத்தியோகத்தர் பக்கத்தில் உட்காருவார், வீதியில் ஓட்டிக் காட்ட வேண்டும். இதுவா பெரிய விஷயம்?

முதல் ட்ரயலில் ஜொனி ஆறு நிமிஷம் ஓட்டினார். மிக அழகாக ஓட்டினார். ஏழாவது நிமிஷத்தில், ஆட்கள் வீதியைக் கடக்கிற மஞ்சள் கடவை ஒன்று வந்தது. கூடையோடு ஒரு அம்மா வீதியில் காலை வைத்தாள். ஜொனி லேசாக ஹோர்ன் அடித்தார், அவள் நின்றாள், இவர் அவளுக்கு முன்னால் மூன்று அடி இடம் விட்டு வழுக்கிக்கொண்டு போனார். கோத்தகிரியில் அதற்குப் பெயர் நிதானம். பின்னால் இருந்த ஸுமைரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நவத்தன்ன" என்றார் உத்தியோகத்தர். நிறுத்தச் சொல்கிறார் என்பது சிங்களம் தெரியாத ஜொனிக்கும் விளங்கியது. ஓரமாக நிறுத்தினார்.

"ஆள் கடக்கிறது பாக்கலயா?"

"பாத்தேனே சார். அவங்கதான் நின்னுட்டாங்களே?"

"அவங்க நிக்கக் கூடாது" என்றார் உத்தியோகத்தர், கஷ்டப்பட்டுத் தமிழில். "நீங்கதான் நிக்கணும்."

ஃபேல். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஸுமைராதான் காரை ஓட்டினாள். பேராதனைப் பாலம் தாண்டியதும் சொன்னாள்.

"அங்கிள், உங்களுக்கு ஓட்டத் தெரியும். அதுதான் பெரிய பிரச்சினையா ஈக்கி. ஒண்டும் தெரியாத புள்ளகள் சொல்ற மாதிரியே செய்யும், பாஸ் ஆகிப் போகும். நீங்க தெரியாத ஆள் மாதிரி ஓட்டுங்க. லைசன் கைக்கு வந்த பொறகு உங்கட விருப்பம்."

தெரியாத ஆள் மாதிரி ஓட்டப் பழகுவது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. கை தானாக ஒரு வேலை செய்யும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வளைவு வந்தால் விரல் ஹோர்னுக்குப் போகும், இழுத்து வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஸுமைராவின் காரில் ஏறி இறங்கி, வீட்டுக்கு வரும்போது ஜொனி ஒரு லோடு மூட்டை இறக்கியவர் போல அலுத்துப்போய் வருவார். ஒரு வேலையைச் செய்து களைத்தால் தூக்கம் வரும். தெரிந்த வேலையைத் தெரியாததுபோலச் செய்து களைத்தால் தூக்கமும் வருவதில்லை.

பாதையைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று சில காலை நேரங்களில் அவரும் பள்ளிக்கூட வேனில் ஏறிக்கொள்வார். பிள்ளைகளுக்கு நடுவே பின் சீட்டில் இருப்பார். முன்னால் பஹ்மி ஓட்டுவான், இடப்பக்கம் றொசானா. வளைவுகளில் பஹ்மி கொஞ்சம் வேகமாகப் போனால் றொசானாவின் வலது கால் தரையை அழுத்துவதை அவர் பின்னால் இருந்து கவனித்திருக்கிறார். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தார். நான் ஓட்டத் தொடங்கினால் இந்தப் பயம் போய்விடும் என்றும் நினைத்தார்.

ஒரு குளிரான காலையில் வேன் கிளம்ப மறுத்தது. பஹ்மி சாவியைத் திருகு திருகு என்று திருகினான். இடப்பக்கத்தில் இருந்து றொசானா, "பாதி திருகிட்டு பத்து எண்ணு பஹ்மி. அப்புறம் அடி" என்றாள். அப்படியே செய்தான், வேன் உறுமியது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஜொனி.

"டீச்சருக்குத் தெரியாததா?" என்று பஹ்மி சிரித்தான். றொசானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் புருஷன் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று ஜொனி எண்ணினார். அந்த எண்ணம் அவருக்குப் பிடிக்கவில்லை. செத்த மனிதன் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரிந்தும் பட்டார். அந்த மனிதன் இந்த வேனை ஓட்டினான், நான் பின் சீட்டில் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

பள்ளிக்கூட லீவு விட்ட வாரம் பஹ்மி வீட்டுக்கு வந்தான். கட்டாருக்கு விசா வந்துவிட்டதாம். ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவர் வேலை. லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை பிளைட்.

"அங்க வலது பக்கத்தால ஓட்டணும் அங்கிள். நானும் புதுசா லைசன் எடுக்கணுமாம்" என்றான். "உங்களப் பாத்துப் பாத்து எனக்கு இப்பவே காய்ச்சல் வருது."

சிரிப்போடுதான் சொன்னான். ஜொனிக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்குகிறது. இரண்டாவது ட்ரயல் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பாஸானால் கையில் ஒரு தற்காலிகக் காகிதம் கிடைக்கும், திங்கட்கிழமை வேன் ஓடும். பாஸாகாவிட்டால் பதினான்கு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு தாய்மார் றொசானாவிடம் விசாரித்தாயிற்று. அடுத்த தெருவில் புது வேன் ஒன்று வந்து ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வேன் போனால் போகட்டும், றொசானாவுக்குச் சம்பளம் வருகிறது, பட்டினி கிடக்கப் போவதில்லை. ஜொனியை அரித்தது வேறு. வேன் ஓட்ட ஆள் இல்லை என்பதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? வேனும் இல்லை, ஓட்டவும் இல்லை என்றால் இந்த வீட்டில் நான் யார்? காலையில் அவள் போன பிறகு கதவைப் பூட்டுகிறவன், மாலையில் அவள் வரும்போது கதவைத் திறக்கிறவன். ஐம்பத்தொரு வயதில் கடல் தாண்டி வந்து காவல் நாய் வேலை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை. தூறல். ஜொனி புது ஆளாக ஓட்டினார். இரண்டு கையாலும் பிடித்தார், கண்ணாடி பார்த்தார், உத்தியோகத்தருக்குத் தெரியும்படி தலையைத் திருப்பினார். ஒரு மஞ்சள் கடவையில் ஒரு கிழவர் குடையோடு நின்றார். ஜொனி நிறுத்தினார். கிழவர் கடக்கிறதாக இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறார். பின்னால் ஒரு பஸ் கத்தியது, ஜொனி அசையவில்லை. கடைசியில் கிழவரே கையை ஆட்டி, போ தம்பி போ என்று அனுப்பி வைத்தார். உத்தியோகத்தரின் உதட்டோரத்தில் சிரிப்புப் போல ஒன்று தெரிந்தது. பின் சீட்டில் ஸுமைரா மூச்சு விட்டாள்.

கடைசிப் பகுதி, ஒரு ஒடுங்கிய இறக்கம். ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம். பாதி இறங்கியபோது கீழே இருந்து ஒரு சின்ன லொறி மேலே வந்தது. செங்கல் லோடு. ஈரத்தில் இஞ்சின் திணறுகிற சத்தம் ஜொனியின் முதுகுத்தண்டில் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இந்த இடத்தில் நின்றால் லோடு வண்டி திரும்ப எழும்பாது, பின்னால் வழுக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் பாதை விட வேண்டும், லோடு ஏறுகிறது என்றால் கேள்வியே இல்லை. அவர் யோசிக்கவில்லை. கை ரிவர்ஸ் போட்டது. இடது கை பக்கத்துச் சீட்டின் முதுகில், கண் பின் கண்ணாடியில், வளைவைச் சுற்றி நாற்பது அடி பின்னால் போய், மண்சுவர் விலகி இடம் விட்ட ஒரு மூலையில் காரை ஊசி குத்துகிறாற்போல ஒதுக்கி நிறுத்தினார். லொறி ஒரே மூச்சில் ஏறிப் போனது. டிரைவர் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இரண்டு வருஷத்தில் ஜொனிக்கு வண்டி ஓட்டியது போல இருந்தது அந்த அரை நிமிஷம்தான்.

உத்தியோகத்தர் ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். முகம் வெளுத்திருந்தது. "யார் சொன்ன, பின்னால போக?" என்றார். "வளைவு. பின்னால பஸ் வந்தா? நான் சொல்லாம ரிவர்ஸ் போக ஏலாது."

"லோடு சார். நின்னா ஏறாது."

"தெரியும்" என்றார் அவர். பேனாவைத் திறந்தார். "நல்ல டிரைவர். ஆனா இது ட்ரயல்."

அவர் சொன்னதும் சரி, ஜொனி செய்ததும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கும்போது யார் மேல் கோபப்படுவது? உத்தியோகத்தர் காகிதத்தில் கோடு போட்டார். அடுத்த திகதி இனி அடுத்த மாதம்தான்.

ஸுமைரா அவரைச் சந்தியில் இறக்கிவிடும்போது, "எண்ட வாப்பாவுக்கும் அப்பிடி ரிவர்ஸ் அடிக்க ஏலா அங்கிள்" என்றாள். ஜொனி தலையை ஆட்டிவிட்டு நடந்தார். குடை காரிலேயே போய்விட்டது. நனைந்துகொண்டே போனார்.

வீட்டில் றொசானா மேசையில் பாடக் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து துவாயை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வேற டிரைவர் பாத்துக்க" என்றார். "என்னால ஒனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. வேனுக்குன்னு ஒருத்தனக் கட்டிக்கிட்ட. அவனுக்கு அதுவும் ஏலல. நான் கோத்தகிரிக்கே போயிடுறேன் றொசானா."

இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கே திடுக்கென்றது. றொசானா துவாயோடு அப்படியே நின்றாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியதா, ஆவி படிந்ததா தெரியவில்லை. "மொதல்ல தலையத் தொடைங்க" என்றாள். "மத்தத அப்புறம் பாப்போம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜொனி டிரைவர் தேடினார். தெரிந்தவர்களிடம் கேட்டார், ஆட்டோக்கள் நிற்கும் திறீவீல் தரிப்பில் கேட்டார், கோயில் முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டார். எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. பஹ்மி போன் எடுத்து, போய்ட்டு வாறேன் அங்கிள் என்றான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை, தாய்மாருக்கு வேன் வராது என்று சொல்லிவிடு என்றார் ஜொனி. "காலையில சொல்லலாம்" என்றாள் றொசானா. காலையில் சொன்னால் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் என்று சொல்ல நினைத்தார். சண்டை போடவும் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஜொனி எழுந்து முன்னறைக்கு வந்தார். றொசானா அதற்குள் சேலை கட்டி, தலை வாரி, கைப்பையோடு நின்றாள். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தாள்.

"யாரு வர்றா?" என்றார்.

"யாரும் வரல."

வாசலில் இறங்கி வேனின் வலப்பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே ஏதோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். அந்தச் சீட்டை முன்னுக்கு இழுப்பது பெரிய பாடு. ஒரு இடத்தில் குதிகாலால் உதைத்தால்தான் நகரும் என்று பஹ்மி கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனதாம். றொசானா சரியாக அந்த இடத்தில் உதைத்தாள். சீட் முன்னுக்கு வந்தது. சாவியைப் பாதி திருகினாள். உதடு அசைந்தது, பத்து எண்ணினாள். வேன் உறுமியது.

ஜொனி படியில் இருந்து பாய்ந்து வந்தார். "றொசானா! எறங்கு. என்ன வெளையாட்டு இது? பொலிஸ் புடிச்சா?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள். அவளுடைய படம். அவளுடைய பெயர். கடுகண்ணாவை விலாசம். ஜொனி முதலில் பார்த்தது அது எந்தத் திகதியில் முடிகிறது என்பதைத்தான். இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

இரண்டு வருஷம். மெடிக்கல், பரீட்சை, எல் போர்ட், ஃபேல், மறுபடி ஃபேல். இவ்வளவு நாளும் இந்தக் கார்டு இந்தக் கைப்பைக்குள் கிடந்திருக்கிறது. கோபம் வந்தது. நன்றாகவே வந்தது.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வந்த அன்னிக்கே வேன் என் பொறுப்புன்னு சொன்னீங்க. டயரத் தட்டித் தட்டிப் பாத்தீங்க. ஒங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் ஓட்டத் தெரியும்னு அப்பச் சொன்னா ஒங்களுக்கு என்ன மிஞ்சும்? அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நெனப்பேன். நாளாக நாளாகச் சொல்ல ஏலாமப் போச்சி."

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் பஹ்மிய வச்சிருந்த?"

றொசானா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினாள். வகுப்பில் பேசுகிற குரல் அல்ல அது.

"அவருக்குச் சொகமில்லாமப் போனப்ப எட்டு மாசம் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இதுல கூட்டிட்டுப் போனேன். அந்தப் பக்கத்துல அவரு, இங்க நானு. கடைசி நாளு போனோம், உசுரு போச்சி, அவர அங்கயே வச்சிட்டாங்க. சாமான் பையக் கையில குடுத்தாங்க. வேனக் கொண்டு போக வேற ஆளு இல்ல. கடுகண்ணாவ ஏத்தத்துல தனியா ஓட்டிட்டு வந்தேன். பக்கத்து சீட்டுல அந்தப் பை மட்டும். அன்னிக்கு எறங்கினவதான். திரும்ப இந்த ஸ்டியரிங்க நான் தொடல."

இரவு பெய்த மழை ஓய்ந்து ஓட்டில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜொனி கார்டை ஜன்னல் வழியே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கத்தரீனா, வேன் ஓட்ட ஆளில்லன்னு சொன்னாளே…"

"கத்தரீனா அக்கா சொல்லுவாங்க! ஓட்ட ஆளு வேணும்னா சம்பளத்துக்கு வைக்கலாம். பஹ்மி இருந்தானே? அதுக்குப் போயி யாராச்சும் கலியாணம் கட்டுவாங்களா?" இப்போது டீச்சர் குரல் வந்துவிட்டது. தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சும்மா நிக்காம ஏறுங்க. புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்."

"நான் எதுக்கு? நீதான் ஓட்டுறியே."

"தனியா ஓட்ட என்னால ஏலாது" என்றாள். ஸ்டியரிங்கை விடாமல், கண்ணால் இடப்பக்கத்துச் சீட்டைக் காட்டினாள்.

அவர் வேனைச் சுற்றி வந்தார். பழக்க தோஷம், போகிற போக்கில் முன் டயரைக் காலால் தட்டினார். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். றொசானா அந்தக் கிளிக் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, பிறகு கியர் போட்டாள். முதல் வளைவில் கொஞ்சம் தடுமாறினாள். "ரெண்டாவது போடு" என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவளே போட்டுவிட்டாள். சந்திக்கு முன்னால் மஞ்சள் கடவையில் பால் போத்தலோடு ஒருத்தி நின்றாள். ஜொனியின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. வேன் ஏற்கெனவே நின்றுவிட்டது.

முதல் தரிப்பில் நான்கு பிள்ளைகள் நின்றன. ஜொனி இறங்கிக் கதவை இழுத்துத் திறந்தார். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று ஓட்டுகிற சீட்டில் டீச்சரைப் பார்த்து வாயைப் பிளந்தது.

"அங்கிள், நீங்க பாஸா ஃபேலா?"

"ஃபேல்" என்றார் ஜொனி.

"ரெண்டாந் தரமுமா?"

"ரெண்டாந் தரமும். ஏறு ஏறு, டீச்சருக்கு லேட்டாகுது."

அதன் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார்.